கோப்பு திறக்க மறுக்கிறதா? முதலில் ஒரு நகல் எடுங்கள்

டபுள் கிளிக் செய்கிறீர்கள், பிழைச் செய்தி வருகிறது. பதற்றத்தில் பலர் அதே கோப்பை நாலைந்து மென்பொருளில் திறந்து பார்த்து, ஏதோ ஒன்றில் சேவ் கொடுத்துவிடுகிறார்கள். மீட்டிருக்கக்கூடிய கோப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பாழாகிறது. ஆகவே முதல் வேலை, கோப்பை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வைப்பது. இனி எல்லாச் சோதனையும் நகலில்தான்.

பென் டிரைவில் இருந்த கோப்பு கணினிக்கு மாறியதுமே திறந்துவிடுவதும் உண்டு. நகலெடுக்கும்போதே பிழை வந்தால் டிரைவைச் சந்தேகப்படுங்கள். அதில் புதிதாக எதையும் எழுதாமல், மற்ற முக்கியக் கோப்புகளை உடனே வெளியே எடுங்கள்.

படி 1: அளவைப் பாருங்கள்

ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போங்கள். அளவு 0 பைட் என்றால் உள்ளே எதுவுமே இல்லை. அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதுதான் வழி. அவரிடம் இருப்பதைவிட அளவு குறைந்திருந்தால் டவுன்லோட் பாதியில் நின்றிருக்கிறது.

பெயர் ~$ என்று தொடங்குகிறதா? அது உங்கள் ஆவணமே அல்ல. ஆவணம் திறந்திருக்கும்போது வேர்டு தற்காலிகமாக உருவாக்கும் சின்னக் கோப்பு. உண்மையான ஆவணத்தை அதே ஃபோல்டரில் தேடுங்கள்.

படி 2: பெயரின் வாலைப் பாருங்கள்

புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கும். விண்டோஸ் 11இல் ஃபோல்டரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போனால் தெரியும். ஹெச்இஐசி என்றிருந்தால் கோப்பில் கோளாறில்லை. ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை இந்த வடிவில் சேமிக்கின்றன. ஜேபிஜியாக மாற்றி அனுப்பச் சொன்னால் போதும். ஆவணம் என்று வந்த கோப்பின் பெயர் இஎக்ஸ்இ என்று முடிந்தால் தொடவே வேண்டாம், அது ஒரு புரோகிராம்.

படி 3: உள்ளே எட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் கைகொடுக்கும் படி இது. நகலை நோட்பேடில் திறந்து, முதல் சில எழுத்துகளை மட்டும் கவனியுங்கள். மற்றதெல்லாம் கிறுக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

பிடிஎஃப் கோப்பு என்றால் தொடக்கத்தில் % குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டாத டாக்எக்ஸ் (வேர்டு), எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்) கோப்புகள் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அவை உண்மையில் ஜிப் கோப்புகள், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலங்கள். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள்தான் அந்தப் பி, கே. டாக்எக்ஸ் என்று பெயரிட்ட கோப்பு % குறியோடு பிடிஎஃப் என்று தொடங்கினால் பெயர்தான் தவறு. நகலின் வாலைத் திருத்தினால் திறக்கும். உள்ளடக்கம் வேறாக இருக்கும்போது வாலை மட்டும் மாற்றுவதால் எதுவும் மாறாது.

தொடக்கத்தில் எச்டிஎம்எல் என்று தெரிந்தால்? கோப்புக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கம், பெரும்பாலும் லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ, இறங்கியிருக்கிறது. தளத்தில் உள்நுழைந்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

படி 4: பழுது பாருங்கள்

பெயரும் தொடக்கமும் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் கோப்பு சேதமாகியிருக்கலாம். வேர்டில் ஃபைல், ஓபன், பிரவுஸ் போய் நகலை ஒரே ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுங்கள். ஓபன் பொத்தானை ஒட்டியுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் ஓபன் அண்ட் ரிப்பேர் கிடைக்கும். பிடிஎஃப் என்றால் பிரவுசரில் இழுத்துப் போட்டுப் பாருங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால், டாக்எக்ஸ் நகலின் வாலை ஜிப் என்று மாற்றித் திறக்க முயலுங்கள். திறந்தால், வேர்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா ஃபோல்டரில் உங்கள் படங்கள் அப்படியே இருக்கும்.

பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் அடையாள ஆவணங்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் ஏற்றாதீர்கள். ஒரு கோப்பு மட்டுமல்லாமல் எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில் திறக்காமல் போய், பெயர்களின் முடிவில் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலாக இருக்கலாம். உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, பேக்கப் டிரைவையும் கழற்றிவிட்டு, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.