கிரிஸ்டில் குழு அட்டவணை: அவரவர் வேலை அவரவருக்கு மட்டும்

எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு அலுத்துப்போன குழுவுக்கு கிரிஸ்ட் பொருந்தும். இது எக்செல் போன்ற அட்டவணையையும் தரவுத்தளத்தையும் சேர்த்த ஒரு மென்பொருள். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, அப்பாச்சி 2.0 உரிமம். யாருக்கு எந்த வரிசை தெரியவேண்டும் என்பதைச் சொந்த சர்வரில் காசில்லாமல் கட்டுப்படுத்தலாம். இதைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும்.

டாக்கரில் (மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) நிறுவும்போது போர்ட் 8484, கூடவே 'பெர்சிஸ்ட்' கோப்புறைக்கு ஒரு வால்யூம், அதாவது கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம். வால்யூம் இல்லையென்றால் கன்டெய்னரோடு தரவும் போகும். ஓஐடிசி அல்லது சாம்எல் (வேறொரு அடையாளச் சேவை வழியே உள்நுழையும் முறைகள்) வழி லாகின் அமைக்கும்வரை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். சூத்திரங்கள் பைத்தானில் ஓடுவதால் அவை சர்வரைத் தொடாமல் அடைத்துவைக்கும் ஜிவைசர் சாண்ட்பாக்ஸும் தேவை.

பழுதுபார்க்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'மெக்கானிக்' டேபிளில் பெயர், இமெயில். 'வேலை' டேபிளில் வாடிக்கையாளர், பொருள், நிலை, பொறுப்பாளர். பொறுப்பாளர் நெடுவரிசையின் வகை 'ரெஃபரன்ஸ்', அதாவது வேறொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் வகை. அது மெக்கானிக் டேபிளைச் சுட்டவேண்டும்.

நெடுவரிசைக்கு நேரடியாகத் தமிழில் பெயர் வைத்தால், சூத்திரங்களில் பயன்படும் உள் அடையாளம் (ஐடி) வெறும் ஏ, பி, சி என்று ஆகிவிடும். பிறகு சூத்திரம் எழுதுவது பெரும்பாடு. முதலில் ஆங்கிலப் பெயர் கொடுங்கள், பெயரையும் ஐடியையும் இணைக்கும் சங்கிலிக் குறியை விடுவியுங்கள், அதன்பின் தமிழுக்கு மாற்றுங்கள்.

பொருள் வந்த தேதிக்குச் சாதாரண சூத்திரமாக 'நௌ' (இப்போதைய நேரம்) போட்டால் நேரம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட தருணத்தில் மட்டும் கணக்கிடும் 'ட்ரிக்கர் ஃபார்முலா'வாகப் போட்டு, புதிய வரிசைகளுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

இனி 'ஆக்சஸ் ரூல்ஸ்', யார் எதைப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற விதிகள். பலரும் இங்கேதான் சிக்குவார்கள். விதிக்குள் ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டு அடுத்த டேபிளின் இமெயிலுக்குப் போக முடியாது. ஆகவே வேலை டேபிளிலேயே பொறுப்பாளரின் இமெயிலை இழுத்துவரும் சூத்திர நெடுவரிசை ஒன்று சேருங்கள். உரிமையாளருக்கு எல்லா அனுமதியும். அந்த நெடுவரிசையும் உள்ளே வந்தவரின் இமெயிலும் ஒத்துப்போனால் பார்க்க, திருத்த அனுமதி. மற்ற எல்லோருக்கும் மறுப்பு. விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால் மறுப்பு கடைசியில் இருக்கட்டும். மெக்கானிக் டேபிளைத் திருத்தும் உரிமையையும் உரிமையாளரோடு நிறுத்துங்கள். இல்லையேல் இமெயிலை மாற்றி அடுத்தவர் வேலையைப் பார்த்துவிடலாம்.

எடிட்டர்கள் (திருத்தும் உரிமை உள்ளவர்கள்) டேபிள் அமைப்பை மாற்றலாம் என்ற சிறப்பு விதியையும் நீக்குங்கள். அது இருந்தால், மறைத்த வரிசைகளைப் புதிய சூத்திர நெடுவரிசை போட்டே படித்துவிடலாம். முடிந்ததும் 'வியூ ஆஸ்' (இன்னொருவராகப் பார்க்கும் வசதி) வழியே ஒவ்வொரு மெக்கானிக்காகவும் நுழைந்து பாருங்கள். அடுத்தவர் வரிசை ஒன்று தெரிந்தாலும் விதிகளில் எங்கோ தப்பு.