அரிவாளும் அல்வாவும் போக: ஊரின் முகத்தைப் படமாக்கும் வேலை

2000-ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் 'எக்கனாமிஸ்ட்' ஆப்பிரிக்காவை 'நம்பிக்கையற்ற கண்டம்' என்று அட்டையில் போட்டது. 2011 டிசம்பரில் அதே பத்திரிகை, அதே கண்டம், 'எழுகிறது ஆப்பிரிக்கா' என்று அட்டை. இடையில் பொருளாதாரம் வளர்ந்தது உண்மை. ஆனால் நைஜீரியாக்காரர்கள் அட்டை மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. 1992 வாக்கிலேயே விஎச்எஸ் கேசட்டில் படமெடுத்துச் சந்தையில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். யுனெஸ்கோ கணக்கில் 2006-இல் வந்த படங்கள்: இந்தியா 1,091, நைஜீரியா 872, அமெரிக்கா 485. அவை லாகோஸ் வீட்டுக் கூடங்களுக்காக எடுத்தவை. 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்று வெளிநாட்டுக்குச் சொல்ல எடுத்தவை அல்ல.

திருநெல்வேலிச் சீமைக்கும் சினிமா ஒரு முகத்தை ஒட்டிவைத்திருக்கிறது: அரிவாள், வாய்க்கு வாய் 'ஏலே', இடைவேளையில் அல்வா. இதை மறுத்துக் காணொளி போடுவது வீண். மறுக்கிற காணொளியிலும் முதல் படம் அரிவாள்தானே. செய்ய வேண்டியது வேறு: ஒரே ஒரு பொருளை எடுத்து, அதைப்பற்றி யார் தேடினாலும் உங்கள் படம் கையில் அகப்படும்படி வைப்பது.

முதல் நாள் கேமராவைத் தொட வேண்டாம். உலாவியில் தனிச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து ஊர்ப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் படங்களைத் தேடுங்கள். முதல் 50 படத்தை நோட்டில் வகை பிரித்து எழுதுங்கள்: கோபுரம் எத்தனை, அல்வா எத்தனை, பாலம் எத்தனை, வேலை செய்கிற மனித முகம் எத்தனை. ஒவ்வொரு படமும் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதையும் குறியுங்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று அந்த நோட்டு சொல்லிவிடும். தேதி போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பொருளைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'நெல்லையின் பெருமைகள்' என்று நெல்லையப்பர், குற்றாலம், ஆதிச்சநல்லூர், கூந்தன்குளம் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் அடைத்தால் கல்யாண ஆல்பம்தான் மிஞ்சும். போதாக்குறைக்குத் தகவலும் பிழையாகும்: குற்றாலம் 2019 முதல் தென்காசி மாவட்டம், ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டம். ஒன்றே ஒன்று போதும். பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதைப்பற்றிய படங்களில் மடித்து அடுக்கிய பாய்தான் அதிகம், அது உருவாகிற விதம் குறைவு.

எடுக்க வேண்டியது அந்த விதத்தைத்தான். தாமிரபரணிக் கரையில் கோரை அறுப்பது, கீறிக் காயவைப்பது, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவது, மறுபடி உலர்த்தி இன்னும் மெல்லியதாகக் கிழிப்பது, சாயம் ஏற்றுவது, தரையில் நீளமாகக் கட்டிய பாவு நூலுக்குள் ஒவ்வொரு கோரையாக நுழைத்து அச்சால் (கோரையை நெருக்கித் தள்ளும் சட்டம்) அடிப்பது. ஒரே நாளில் இத்தனையும் அகப்படாது. குறைந்தது மூன்று முறை போக வேண்டும். ஊறப்போட்ட அன்று ஒருமுறை, எடுக்கிற அன்று ஒருமுறை, தறியில் உட்காரும்போது ஒருமுறை. 'ஊறினதாக நினைச்சு எடுத்துக்கிடுங்க' என்று காய்ந்த கோரையைத் தண்ணீரில் முக்கி நடிக்கச் சொன்னால், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாய் பற்றி முதலில் கருத்துச் சொல்பவர்களும் அவர்கள்தான்.

நெய்பவர் தரையில் இருக்கிறார். கேமராவும் தரைக்கு வர வேண்டும். நின்றபடி குனிந்து எடுத்தால் உச்சந்தலையும் ஏழ்மையும்தான் தெரியும். முழங்கால் உயரத்துக்குக் கீழே ஸ்டாண்டை இறக்கி, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். கோரைக்கு இயல்பாகவே ஒரு மினுக்கு உண்டு. நேர் மேலே டியூப்லைட் எரிந்தால் அது வெள்ளைத் திட்டாகிவிடும், முடிந்தால் அணைத்துவிடுங்கள். முடியாதென்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத கணக்கு வைத்தால் படத்தில் பட்டை ஓடும். கை, முகம், முகமும் கையும் சேர்ந்து, தோளுக்குப் பின்னாலிருந்து, முழு அறை என ஐந்து கோணம். ஒவ்வொன்றையும் அசைக்காமல் பத்து நொடி பிடியுங்கள். பத்து நொடி நீளம்போலத் தோன்றும், எடிட்டிங்கில் அதன் அருமை தெரியும்.

அச்சு அடிக்கிற ஓசையைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பேட்டிக்குச் சட்டையில் மாட்டும் மைக், உச்ச ஒலி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில். ஆனி ஆடிக் காற்றில் வெளியே எடுத்தால் மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம். நம்மூர்க் காற்றுக்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது.

கேள்வி கேட்பதிலும் சினிமா புகுந்துவிடும். 'இந்தத் தொழில் அழியுதேன்னு வருத்தமா இருக்கா?' என்றால் அழுகைதான் வரும், அந்தக் காட்சியை உலகம் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. 'அக்கா, இன்னைக்குக் காலைல முதல்ல எதைத் தொட்டீங்க?', 'இது நல்ல கோரை, இது ஆகாதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?' என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கண் மின்னும்.

சப்டைட்டில் போடாத படம் ஆரல்வாய்மொழி தாண்டாது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி, ஒரு நொடிக்குக் குறையாமல் ஏழு நொடிக்கு மேற்படாமல். 'லே' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம், விட்டுவிடலாம். அது நெருங்கினவர்களுக்குள் புழங்குவது. சினிமா அதை எல்லார் வாயிலும் போட்டதால்தான் இங்கே பெரியவரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார். 'அண்ணாச்சி'யை அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம். முகம் தெரிகிறவரிடம் கையெழுத்தோ, எழுத்து வராதவரிடம் கேமராவில் சொன்ன சம்மதமோ வேண்டும். வேலை கெட்டுப்போகிற நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். கோயிலுக்குள் கைப்பேசிக்கே தடை: திருச்செந்தூர் வழக்கில் 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும். முண்டந்துறைப் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, கூடங்குளம் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

இனி, படத்தை எங்கே வைப்பது. பத்திரிகை, பாடநூல், பயணத்தளம் எதுவும் உங்கள் யூடியூபைத் தேடி வராது. எளிதாகக் கிடைக்கிற, உரிமம் தெளிவான நிழற்படத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே காணொளியோடு எடுத்த 40 நல்ல நிழற்படத்தில் 10, 12-ஐ மட்டும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம் வேண்டும். 'வணிகத்துக்கு ஆகாது' என்று நிபந்தனை போட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள். காணொளித் துண்டு ஏற்றுவதானால் எம்பி4 கோப்பு போகாது, வெப்எம் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வேலை, எந்த ஊர், எந்த மாவட்டம், எந்த மாதம் என்று இரு மொழியிலும் குறிப்பு எழுதுங்கள். பத்தமடையை ஆங்கிலத்தில் 'டி' இரண்டு போட்டும் எழுதுகிறார்கள், 'டிஎச்' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டும் இருக்கட்டும். மீதிப் படங்களும் முழுக் காணொளியும் விற்பனைக்கு. இதை எல்லாமே இலவசமாகக் கொடுத்துவிட்டு மின்கட்டணத்துக்குத் திண்டாடுகிறவர்களும் உண்டு, ஒன்றுமே கொடுக்காமல் மூடிவைத்து யார் கண்ணிலும் படாமல் போகிறவர்களும் உண்டு.

விற்கும்போது காகிதத்தைப் படியுங்கள். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கும் காணொளிக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படி. நீங்களாக எடுத்ததை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு நிறுவனம் 'எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுதும், எங்களுக்கு மட்டும்' என்று அனுப்பினால் 'எங்களுக்கு மட்டும்' என்பதை அடித்துவிட்டு விலை பேசுங்கள். அது அப்படியே இருந்தால் அதே படத்தை இன்னொருவருக்கு விற்க முடியாது.

வெளியிடுவதற்கு முன்பு நெய்தவர் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். சாயத்தின் பெயரோ, உறவுமுறையோ, ஒரு சொல்லோ தப்பாக இருந்தால் அங்கேயே பிடிபடும். அவர்கள் கைப்பேசிக்கு அனுப்ப 100 எம்பிக்குள் ஒரு பிரதி தனியாக எடுத்துவையுங்கள்; பெரிய கோப்பு இறங்காமலே கிடக்கும்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய நோட்டை எடுத்து, அதே சொற்களைத் தனிச் சாளரத்தில் தேடி, மறுபடி 50 படத்தை எண்ணுங்கள். உங்கள் படம் வேறு தளங்களில் ஏறியிருந்தால் பெயரும் குறிப்பும் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே ஏறவில்லையென்றால் பெரும்பாலும் குறை படத்தில் இருக்காது, தலைப்பில் இருக்கும். கேமரா தானாக வைத்த 'ஐஎம்ஜி 4482' என்ற பெயரிலேயே ஏற்றியிருப்பீர்கள்.