ஓட்டும் விதத்துக்கு ஏற்ற கார் இன்சூரன்ஸ்: ஆப்பை முதல் நாளே சரியாக செட் செய்வது எப்படி?

2025 ஆகஸ்டில் பெங்களூருவின் மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து, வார நாட்களில் என் கார் பிடிஎம் லேஅவுட் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு ரயிலில் போய்விடுகிறேன். வண்டியை எடுப்பது மாதம் ஒருமுறை சேலம் போகவும், ஞாயிற்றுக்கிழமை கடைகண்ணிக்கும்தான். தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் ஓடும் வண்டிக்கு என்ன பிரீமியமோ அதையே நானும் ஏன் கட்ட வேண்டும் என்று யோசித்துத்தான், எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதை வைத்துப் பிரீமியம் போடும் இந்த வகை பாலிசிக்கு மாறினேன். மாறிய பிறகு ஒரு இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஐடிவி (வண்டியின் காப்பீட்டு மதிப்பு), நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: தள்ளுபடி எதில் கிடைக்கும்?

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்த கூடுதல் வசதிகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்த பிரீமியம். மற்றது, எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்த பிரீமியம். இரண்டுமே நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது. நீங்கள் எவ்வளவு பதமாக ஓட்டினாலும் அதில் ஒரு ரூபாய்கூட குறையாது.

என் வண்டி 1197 சிசி. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி தேர்ட் பார்ட்டிக்கு 3,416 ரூபாய். ஓன் டேமேஜ் 6,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் மொத்தம் 11,583 வரும். "15% தள்ளுபடி" என்று கேட்டதும் 1,700 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போடும். உண்மையில் 6,400-இல்தான் 15%, அதாவது 960. ஜிஎஸ்டியும் சேர்த்துக் குறைவது 1,133 ரூபாய். விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 2: வருஷத்துக்கு எத்தனை கி.மீ.?

குத்துமதிப்பு வேண்டாம். கடைசி இரண்டு வருஷ சர்வீஸ் பில்லை எடுங்கள், அதில் ஓடோமீட்டர் ரீடிங் இருக்கும். எனக்கு ஒரு வருஷத்தில் 21,340-இலிருந்து 28,110 ஆகியிருந்தது, அதாவது 6,770 கி.மீ. பாலிசி எடுக்கும்போது வருஷத்துக்கு இத்தனை கி.மீ. என்று ஒரு வரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; உங்கள் கணக்கு அதன் விளிம்பில் வந்தால் அடுத்த பெரிய வரம்பையே எடுங்கள். வீட்டில் ஒரு கல்யாணமோ, உடம்பு சரியில்லாத பெரியவரோ இருந்தால் சேலத்துக்கு இரண்டு நடை கூடிவிடும். ஒரு நடை போய்வந்தாலே சுமார் 400 கி.மீ. வரம்பு தாண்டினால் ஓன் டேமேஜ் கிளெய்முக்கு என்ன ஆகும், நடுவில் டாப்-அப் (கூடுதல் கி.மீ.) வாங்கலாமா என்ற இரண்டையும் பாலிசி வாசகத்தில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: ஓடோமீட்டர் படம்

இது பாலிசி எடுக்கும்போது கொடுக்க வேண்டிய படம். இக்னிஷனை ஆன் செய்து, திரையில் ஓடோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள். பல வண்டிகளில் ட்ரிப் ஏ, ட்ரிப் பி ரீடிங்தான் முதலில் தெரியும், பொத்தானை அழுத்தி மாற்ற வேண்டும். படத்தின் ஒரு பிரதியை உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆப்பா, கருவியா?

ஓட்டும் விதத்தைக் கணிக்க, ஃபோன் ஆப் தருவார்கள் அல்லது ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, மெக்கானிக் கோளாறு பார்க்கப் பயன்படுத்தும் ஓபிடி போர்ட்டில் செருகும் சின்னக் கருவி தருவார்கள். ஒருவரே ஓட்டும் வண்டிக்கு ஆப் போதும் என்பது என் அபிப்பிராயம். அந்த போர்ட்டுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். என் வண்டி மாதிரி வாரக்கணக்கில் நிற்கும் காரில் கருவியைச் செருகி வைத்தால் பேட்டரி இறங்க வாய்ப்பு உண்டு. வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் கருவிதான் சரி, ஏனென்றால் அது வண்டியோடு இருக்கிறது, ஆளோடு இல்லை.

படி 5: நான் மாட்டிய இடம்

ஆப்பைப் போட்டு, கேட்ட அனுமதி எல்லாம் கொடுத்து, அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால், நான் ஓட்டும் விதத்துக்கு ஆப் போட்ட ஸ்கோர் 100-க்கு 58. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கிளெய்ம்கூட போட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமைப் பயணத்தைத் திறந்தேன். காலை 8.50-க்கு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் ரோட்டில் மணிக்கு 70 கி.மீ.க்கு மேல் போயிருக்கிறேனாம். வரைபடத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. கூடவே "ஓட்டும்போது ஃபோன் பயன்பாடு: 22 நிமிடம்". அந்த நேரத்து நெரிசலில் சில்க் போர்டை அந்த வேகத்தில் எந்தக் காரும் தாண்டியதில்லை. அப்போதுதான் உறைத்தது, அது மெட்ரோ. மேலே ஓடிய ரயிலை, கீழே சாலையில் ஓடிய கார் என்று ஆப் எடுத்துக்கொண்டிருக்கிறது. ரயிலில் உட்கார்ந்து நான் செய்தி படித்ததெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு படித்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆட்டோ, பிஎம்டிசி பஸ் பயணங்களும் அப்படியே. பஸ் டிரைவர் போட்ட திடீர் பிரேக்குகள் என் கணக்கில் ஏறியிருந்தன.

கஸ்டமர் கேரில் கேட்டால், ஏழு நாளுக்கு முந்தைய பயணங்களைத் திருத்த முடியாது என்றார்கள். இரண்டு வார மதிப்பெண் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றால் முதல் நாளே இதைச் செய்யுங்கள்:

ஆப் செட்டிங்கில் வண்டியின் புளூடூத்தை இணைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் காரின் மியூசிக் சிஸ்டத்தோடு ஃபோன் இணையும்போது மட்டும் பதிவாகும்படி வையுங்கள். என் பிரச்சினை முக்கால்வாசி இதிலேயே தீர்ந்தது. அந்த வசதி இல்லாத ஆப் என்றால், தினமும் ராத்திரி அன்றைய பயணங்களைத் திறந்து, நீங்கள் ஓட்டாததை எல்லாம் "பயணி" என்று மாற்றுங்கள். அரை நிமிட வேலை. நான் ராத்திரி 9.30-க்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

அடுத்து ஃபோனை எங்கே வைப்பது? டேஷ்போர்டில் ஆடாத ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள். காந்த ஸ்டாண்டு எனக்குப் பிடிக்கவில்லை, நம்ம ஊர் ஹம்ப்பில் ஃபோன் கீழே விழுகிறது. இறுக்கிப் பிடிக்கும் கிளிப் வகைதான் நல்லது. போகும் இடத்தை வண்டி நகர்வதற்கு முன்பே மேப்பில் போட்டுவிடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு விநாடியில் வேகம் சுமார் 10 கி.மீ. குறைந்தாலே அதைத் திடீர் பிரேக்காக எண்ணும் ஆப்கள் உண்டு. பெயின்ட் அழிந்த ஹம்ப்புகள் உள்ள தெருக்களில் 30-க்கு மேல் போகாதீர்கள். முன்னால் போகும் வண்டியோடு ஒரு கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். யாராவது உள்ளே நுழைவார்கள்தான், நுழையட்டும்.

சேர்த்தது 1: ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு நண்பர், ஊருக்குப் போய்வந்த பயணமே பதிவாகவில்லை என்று எழுதியிருந்தார். அவர் ஃபோனில் பேட்டரி சேமிப்பு வசதி, பின்னணியில் ஓடிய ஆப்பை நிறுத்தியிருந்தது. லொகேஷனை "எப்போதும்" என்று மாற்றுங்கள், பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள். சில ஃபோன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். ஃபோன் அப்டேட் ஆன பிறகு இவற்றை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சேர்த்தது 2: கணவரும் தானும் ஒரே காரில் போகும்போது இரண்டு ஃபோனும் பதிவு செய்கின்றன என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். பாலிசியில் யாருடைய எண் இருக்கிறதோ அவர் ஃபோனில் மட்டும் ஆப்பை வையுங்கள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகும் நாளில் புளூடூத் இணைப்பு இருந்தாலும் "பயணி" என்று கையால் மாற்றத்தான் வேண்டும்.

சேர்த்தது 3: என் ஸ்கோர் இப்போது 84. ரினியூவலுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மாதக் கடைசியில் ஸ்கோர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். புதுப்பிக்கும்போது எண்ணில் வித்தியாசம் வந்தால் காட்டுவதற்கு அதுதான் கையில் இருக்கும்.