காளான் சாப்பிட்டுக் குடல் பாக்டீரியாவைக் கவனிப்பது எப்படி?

காளானின் செல் சுவரில் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. அதை உடைக்கும் நொதி நம் உடலில் கிடையாது. அதனால் அது செரிக்காமல் பெருங்குடல்வரை போய், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடாகிறது. அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள்.

இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் நடந்தவை. எனவே காளானை மருந்தாக நினைக்காமல் நல்ல உணவாக மட்டும் எடுத்துக்கொள்வோம். சரி, தொடங்கலாம்.

படி 1: வாங்குவது. பண்ணையில் வளர்த்த மொட்டுக் காளான் அல்லது சிப்பிக் காளான் போதும். வெளியில் தானாக முளைத்ததைப் பறிக்கவே வேண்டாம். விஷக் காளான் பார்வைக்கு நல்ல காளான் மாதிரியே இருக்கும். சமைத்தாலும் பல விஷங்கள் போகாது.

படி 2: வைப்பது. காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் பையில் வியர்த்து வழவழப்பாகிவிடும்.

படி 3: சமைப்பது. சமைப்பதற்குச் சற்று முன் கழுவித் துடைத்து நறுக்குங்கள். காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். வாணலியில் போட்டதும் அது வெளியே வரும். பயந்து வடித்துவிடாதீர்கள், கரையும் சத்துகள் அதில்தான் இருக்கின்றன. அந்த நீர் வற்றி, ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். பச்சையாகச் சாப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. முக்கியமாக, ஷிடாகே என்ற காளான் வகை சரியாக வேகாவிட்டால் சிலருக்குத் தோலில் சாட்டையடி போன்ற தடிப்புகளை உண்டாக்கும்.

படி 4: அளவு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நாளே ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டு, வயிறு உப்பியதும் “காளான் எனக்கு ஒத்துக்காது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாக்டீரியா நார்ச்சத்தை நொதிக்கவைக்கும்போது வாயு வருவது இயல்பு. போதாக்குறைக்கு, மொட்டுக் காளானில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் அதிகம். அது சிலருக்கு வாயுத் தொல்லை தரும். ஆகவே முதல் வாரம் இரண்டு மூன்று காளான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒத்துக்கொண்டால் அப்புறம் கூட்டலாம். உப்புசம் தொடர்ந்தால் சிப்பிக் காளானுக்கு மாறிப் பாருங்கள்; அதில் மானிட்டால் குறைவு.

படி 5: கூட்டணி. பாக்டீரியாக்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நார்ச்சத்து பிடிக்கும். காளானோடு பருப்பு, கீரை, முழுதானியம் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள்.

ஏற்கெனவே குடல் நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் முதல் படிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.