போர் தண்ணீரா? சோப்பைப் போட்டுப் பாருங்கள்

பெங்களூரில் வாடகை வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர் கடின நீரா என்று சோதிக்க பிஹெச் தாளுக்கு (தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் தாள்) செலவழிக்காதீர்கள். ஒரு துண்டு சோப்பு போதும். சின்ன பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழாமல் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தால் அது கடின நீர். கெய்சர், குழாய் எல்லாம் சீக்கிரமே வெள்ளை பூத்துவிடும்.

பிஹெச் எண் அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் அதில் தெரியாது. காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் இரண்டுமே 7.5 காட்டலாம். சோப்போ அந்த உப்புகளோடு நேராகச் சேர்ந்து திரிகிறது.

ஷாம்பு, சலவைத் தூள் உதவாது. அவை கடின நீரிலும் நுரைக்கும். அப்புறம், குடிக்கலாமா என்பதற்கு இது பதில் இல்லை, அதற்கு லேப் பரிசோதனைதான்.