நோங்ரியாட் ரெயின்போ அருவி: திரும்பி ஏறும் நேரத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

மேகாலயாவில் சிரபுஞ்சிக்குக் கீழே, நோங்ரியாட் கிராமத்தையும் தாண்டி இருக்கிறது ரெயின்போ அருவி. வண்டி டிர்னா ஊரோடு நின்றுவிடும். அங்கிருந்து நோங்ரியாட்டின் இரட்டை அடுக்கு வேர்ப்பாலம் (உயிருள்ள மரவேர்களைப் பின்னி வளர்த்த பாலம்) வரை 3,000-க்கும் மேற்பட்ட படிகள், பெரும்பாலும் இறக்கம். அதற்கு அப்பால் அருவிக்கு இன்னும் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அலிபிரியில் 3,550 படி ஏறியவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் திருப்பதியில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், இறங்க பஸ் இருக்கிறது. இங்கே களைத்த காலோடுதான் ஏறியாக வேண்டும்.

1. நேரம். பலர் சறுக்குவது இதில்தான். வடகிழக்கில் டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்: நோங்ரியாட்டிலிருந்து மேலே ஏற 3 மணி நேரம், அருவியிலிருந்து நோங்ரியாட்டுக்கு ஒன்றரை. அப்படியானால் பகல் 12 மணிக்கே அருவியை விட்டுக் கிளம்ப வேண்டும். டிர்னாவிலிருந்து இறங்கிப் போய்ச் சேரவே மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிப்பது ஓட்டப்பந்தயம்தான். நோங்ரியாட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். எளிய ஹோம்ஸ்டேகள் இருக்கின்றன. முதல் நாள் மதியம் இறங்கி, மறுநாள் விடிந்ததும் அருவிக்குப் போய்விட்டு, 11 மணிக்கு ஏறத் தொடங்கினால் நிதானமாக இருக்கும்.

2. பயிற்சி. ஆறு வாரம் முன்பே மாடிப்படியில் ஆரம்பியுங்கள். லிஃப்டில் இறங்காதீர்கள். முழங்காலையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம்தான். பத்து மாடி ஏறி இறங்கினால் சுமார் 200 படி. கடைசி வாரங்களில் அதை ஐந்து முறை, முதுகில் 5 கிலோ பையோடு செய்ய முடிய வேண்டும்.

3. மாதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தண்ணீர் குறைவாக இருந்தாலும் அருவி விழும் இடத்துக் குளம் நீலமாகத் தெளிந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறையெல்லாம் பாசி, அட்டை வேறு. முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம். தண்ணீர் கலங்கி ஓடினால், எந்த மாதமானாலும் குளத்தில் இறங்காதீர்கள்.

4. பை. பெரிய பையை மேலேயே வைத்துவிடுங்கள். எடுத்துப்போவது 5 கிலோவுக்குள்: 2 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், ஹெட்லைட், மாற்றுத்துணி, சில்லறை நோட்டுகள். கீழே ஏடிஎம் கிடையாது, சிக்னலை நம்பவும் முடியாது. ஓஆர்எஸ்ஸில் பாக்கெட் அளவைப் பாருங்கள்: 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு, 4.2 கிராம் 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடித் தாகம்தான் அதிகமாகும். பைக்கு மழை உறை மட்டும் போதாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். துணிகளைத் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள்.

5. கால். புது ஷூ வேண்டவே வேண்டாம். ஆழமான வெட்டுகளோடு ரப்பர் அடி உள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ போதும். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கைக்கு, விலையுயர்ந்த மடக்குக் கம்பைவிட டிர்னாவில் கிடைக்கும் மூங்கில் கம்பே எங்கள் தேர்வு. நோங்ரியாட்டைத் தாண்டினால் பாறைகளுக்கு நடுவே நடை. வழுக்கும்போது முழு எடையையும் மூங்கில் தாங்கும்.

வழியில் வரும் கம்பித் தொங்குபாலங்களில் இடைவெளி விட்டு நடங்கள். ஒருவர் அடி மற்றவரை ஆட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், அன்று சர்ச் நாள், கடைகளும் ஷேர் சுமோக்களும் (பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டிகள்) குறைவு. ஷில்லாங் சந்தை சுற்றுவதையும் நடைக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். தொடை வலி ஏறி வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும்.