கப்பல் எரிபொருள் ஒப்பீடு: லிட்டர் கணக்கில் நான் கோட்டைவிட்ட இடம்

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேருபவர்கள் மாற்று எரிபொருள் அட்டவணையோடு வந்து நிற்கும்போதெல்லாம் என் பழைய எக்செல் தாளே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. எடையை மட்டும் பார்த்து, கிலோவுக்கு 120 மெகாஜூல் ஆற்றல் என்று ஹைட்ரஜனை முதலிடத்தில் வைப்பதை விட்டுவிடுகிறேன். அதைப் பக்கத்து மேசைக்காரரே திருத்திவிடுவார்.

எரிபொருளின் கனஅளவுதான் அது பிடிக்கும் இடம் என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். லிட்டருக்கு டீசல் சுமார் 36 மெகாஜூல், எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) 21 அல்லது 22, மெத்தனால் 16-க்குச் சற்றுக் குறைவு, திரவ அம்மோனியா 12.7, திரவ ஹைட்ரஜன் 8.5. எண்களில் தப்பில்லை. இதை நம்பி, 1,000 கன மீட்டர் டீசலுக்குப் பதில் 1,700 கன மீட்டர் எல்என்ஜி போதும் என்று எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் கட்டமும் போட்டாயிற்று.

அப்புறம் டேங்கின் வரைபடம் வந்தது. டேங்க் உருளை. கட்டத்துக்குள் உருளையை வைத்தால் மூலைகளிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 162 டிகிரியைக் காக்கச் சுற்றிலும் வெப்பக் காப்பு. விதிப்படி டேங்கை 98 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது; சூடேறினால் திரவம் விரியும் என்பதால் ஏற்றும்போதே அதற்கும் கீழே நிறுத்த வேண்டும். டேங்க் குளிர்ந்தே இருக்க அடியில் கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும். வால்வு அறை வேறு. எல்லாம் சேர்ந்து டீசலைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு இடம். கண்டெய்னர் அடுக்கும் ஒரு வரிசையே போயிற்று. கப்பல் உரிமையாளரிடம் அதைச் சொல்லப் போனதும் நான்தான்.

மெத்தனால் அட்டவணையில் எல்என்ஜிக்குக் கீழே நிற்கும். ஆனால் சாதாரண வெப்பநிலையிலேயே திரவம். கப்பலின் வளைவுக்கு ஏற்ற டேங்கிலேயே ஊற்றலாம். 2015-இல் ஸ்டெனா ஜெர்மானிகா ஃபெரியை மெத்தனாலுக்கு மாற்றியபோது பாலாஸ்ட் டேங்கையே (கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் டேங்க்) எரிபொருள் டேங்க் ஆக்கினார்கள். எல்என்ஜி உருளைக்கு அந்த வசதி ஏது?

உயர் வெப்ப மதிப்பு, தாழ் வெப்ப மதிப்பு

எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்தால் உயர் மதிப்பு, விட்டால் தாழ் மதிப்பு. கிலோவுக்கு ஹைட்ரஜனுக்கு 142-ம் (உயர்) டீசலுக்கு 42.7-ம் (தாழ்) ஒரே பத்தியில் இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அம்மோனியாவைப் பற்றவைக்கும் பைலட் டீசல்

அம்மோனியா எளிதில் தீப்பிடிக்காது; பற்றவைக்கக் கூடவே கொஞ்சம் டீசல் செலுத்த வேண்டும். அதற்கும் ஒரு டேங்க் வேண்டும்.

பேட்டரி

ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடற்பகுதியைக் கடக்கும் நார்வே ஃபெரிக்குச் சரி. ஷாங்காயிலிருந்து ராட்டர்டாம் போகும் கப்பலின் அட்டவணையில் அந்த வரியே வேண்டாம்.